காத்திருக்காத குழந்தையின் கணக்கு

வெற்றியைப் பற்றியும் முடிவெடுக்கும் முறையைப் பற்றியும் எழுதப்பட்ட உளவியல் நூல்களைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருகிறேன். அவற்றால் நான் அடைந்த பயன் பெரிது. ஆனாலும் அந்த நூல்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கதையை மட்டும் இன்று என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. அது மார்ஷ்மெல்லோ மிட்டாயின் கதை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷல் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வு அது. நான்கு வயதையொட்டிய குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, தான் திரும்பி வரும்வரை தின்னாமல் பொறுத்திருந்தால் இரண்டாகக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறுவார். நெடுநேரம் பொறுத்திருந்த குழந்தைகள் வளர்ந்தபின் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள் என்று 1990இல் வெளியான தொடராய்வு கூறியது. மன உறுதி உள்ள பிள்ளை முன்னேறும், இல்லாத பிள்ளை பின்தங்கும் என்ற பாடத்தை நூல்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டன. அந்த மதிப்பெண் ஒப்பீட்டில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு என்பதையோ, பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள் என்பதையோ பலரும் பொருட்படுத்தவில்லை. நானும் பொருட்படுத்தவில்லை.

2018இல் வேறொரு குழுவினர் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு இதே கேள்வியை ஆராய்ந்தபோது, அந்தத் தொடர்பு முன்பு சொல்லப்பட்டதில் ஏறத்தாழ பாதியாகத்தான் இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் குழந்தையின் தொடக்ககால அறிவுத்திறனையும் கணக்கில் சேர்த்தபின், எஞ்சியதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது.

என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது 2013இல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 28 குழந்தைகள்தாம். எனவே அதன் எண்களை நான் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். மிட்டாயை வைப்பதற்கு முன்பே, படம் வரைவதற்கு இதைவிட நல்ல பொருள்களைக் கொண்டுவருவதாகக் குழந்தைகளிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, இல்லை என்று கூறிவிட்டார்கள். அதன்பின் மிட்டாயை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் பொறுத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்ட குழந்தைகளோ சராசரியாக 3 நிமிடங்களே பொறுத்தார்கள்.

சற்றுமுன் தன்னை ஏமாற்றியவரை இன்னொரு முறை நம்ப மறுத்த குழந்தையிடம் நாம் என்ன குறை காண முடியும்? இருப்பதை உண்பது, அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால், சரியான முடிவு. சொன்ன சொல் நிற்காத வீடுகளில் வளர்ந்து, சேமித்ததைப் பறிகொடுத்துப் பழகியவர்களின் அவசரத்தையும் நான் இப்போது இப்படித்தான் பார்க்கிறேன். அவர்களிடம் சென்று மன உறுதியைப் பற்றிப் பாடம் நடத்துவது அநியாயம் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

இந்த நூல்களிலேயே இருக்கும் நல்ல பாடம் ஒன்றும் இதைத்தான் சொல்கிறது. ஒரு முடிவை, அதை எடுத்த நேரத்தில் எடுத்தவருக்குத் தெரிந்தவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும். 1988இல் பாரன், ஹெர்ஷி என்ற இருவர் செய்த ஆய்வில், அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர் எடுத்த ஒரே முடிவை, நோயாளி பிழைத்தார் என்று அறிந்தவர்கள் உயர்வாகவும், இறந்தார் என்று அறிந்தவர்கள் தாழ்வாகவும் மதிப்பிட்டார்கள். மருத்துவரிடம் இருந்த தகவல்களில் எந்த மாற்றமும் இல்லை. வென்றவர்களை மட்டும் திரட்டி, அவர்களின் பழக்கங்களை வெற்றிக்குக் காரணமாகக் காட்டும் நூல்கள் அனைத்தும் இந்தப் பிழையின் மேல்தான் நிற்கின்றன. அதே பழக்கங்களோடு தோற்றவர்களைப் பற்றி எவரும் நூல் எழுதுவதில்லை.

தன்னைப் பற்றிய மதிப்பீட்டில் அறிஞர்களும் தப்புவதில்லை. 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், முடிவெடுப்பது குறித்த பள்ளிப் பாடநூல் ஒன்றைத் தயாரிக்கும் குழுவில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பு இருந்தார். வேலை முடிய எவ்வளவு காலமாகும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதித் தரச் சொன்னபோது, எல்லாரும் இரண்டு ஆண்டுகளையொட்டியே எழுதினார்கள். பிறகு, பாடத்திட்டத் துறையில் அனுபவம் மிக்க ஓர் உறுப்பினரிடம், இதுபோன்ற மற்றக் குழுக்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டன என்று கானமன் கேட்டார். ஏறத்தாழ 40 விழுக்காட்டுக் குழுக்கள் வேலையை முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆயின என்று அவர் யோசித்து விடை சொன்னார். இதை அறிந்திருந்த அவரும் சற்றுமுன் இரண்டு ஆண்டுகளையொட்டித்தான் எழுதியிருந்தார்! கேட்டபின்னும் குழு வேலையைத் தொடர்ந்தது. நூல் முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. தம் தவற்றைத் தாமே எழுதி வைத்த கானமன், 2011இல் வெளியிட்ட நூலில் சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதையும் 2017இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

இவற்றைப் படித்தபின் நான் கைக்கொண்ட பழக்கம் ஒன்றே. பெரிய முடிவு எதையும் எடுப்பதற்கு முன்னால், எனக்கு அப்போது என்ன தெரியும், என்ன தெரியாது, இதே நிலையில் இருந்த மற்றவர்களுக்குப் பெரும்பாலும் என்ன நடந்தது என்று ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுகிறேன். விளைவு தெரிந்தபின் அந்தப் பக்கத்தைப் படிப்பது கடினமான வேலை. நன்றாக முடிந்த ஒரு முடிவின் பக்கத்தில், மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்ற இடத்தை நான் நிரப்பாமல் விட்டிருந்ததைச் சென்ற மாதம் கண்டேன். அதன் அருகில் ‘தற்செயல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.