ஸ்பானிஷ் ஆம்லெட்டில் பால் கிடையாது

மேலே ஒருவர், "ஸ்பானிஷ் ஆம்லெட்டுக்கு உருளைக்கிழங்கைத் தண்ணீரில் வேகவைத்து, முட்டையில் பால் சேர்த்து அடித்து ஊற்றினால் போதும், ஸ்பெயினிலும் இப்படித்தான், வெங்காயம் போட்டால் அசல் இல்லை" என்று எழுதியிருக்கிறார். சாப்பிட நன்றாகவே இருக்கும், ஆனால் ஸ்பெயின் வீடுகளில் வழக்கமான முறை அது இல்லை.

உருளையை மெல்லிசாக நறுக்கி, மூழ்கும் அளவு ஆலிவ் எண்ணெயில் மிதமான தீயில் 20 நிமிடம் போல வேகவிடுவார்கள். இது சிப்ஸ் பொரிப்பது மாதிரி இல்லை. மொறுமொறுவென்று ஆகக் கூடாது. கரண்டியால் லேசாக அழுத்தினாலே துண்டு உடைய வேண்டும், அதுதான் பதம். "இவ்வளவு எண்ணெயா!" என்று பதற வேண்டாம். பெரும்பகுதியை வடித்து எடுத்து அடுத்த சமையலுக்கு வைத்துக்கொள்வார்கள்.

அரை கிலோ உருளைக்கு 5 அல்லது 6 முட்டை, உப்பு. பால் வேண்டாம். வடித்த உருளையை அடித்த முட்டையில் கொட்டி 10 நிமிடமாவது ஊறவிடுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் முட்டை தனி, கிழங்கு தனி என்று நிற்கும். சட்டியில் ஓரம் இறுகியதும் தட்டால் மூடி ஒரே வீச்சில் கவிழ்த்து, மறுபக்கம் வேகவிட வேண்டும். தயங்கினால் அடுப்பெல்லாம் முட்டைதான்!

வெங்காய விஷயத்தில் ஸ்பெயினிலேயே இரண்டு கட்சி. வடமேற்கு ஸ்பெயினின் கலீசியா பகுதியில் உள்ள பெதான்சோஸ் ஊரில் வெங்காயமே சேர்க்காமல், நடுவில் முட்டை வழியும்படி எடுப்பார்கள். வெங்காயம் இல்லாவிட்டால் முகம் சுளிக்கிறவர்களும் ஸ்பெயினில் ஏராளம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதாக இருந்தால் மட்டும் நடுப்பகுதியும் இறுகும்வரை விடுங்கள்.