பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் எதையும் மறைக்காதவர்

பிள்ளைகளுக்குக் காட்டுக் கதை எழுத நினைக்கும் நம்மவர்கள் அமெரிக்க எழுத்தாளர் கேரி பால்சனைப் படித்தே ஆக வேண்டும். 200 புத்தகங்களுக்கு மேல் எழுதியவர், சிறுவர் நூல்களுக்கு அமெரிக்காவில் தரும் நியூபெரி ஹானர் சிறப்பை மூன்று முறை பெற்றவர், 2021 அக்டோபரில் 82 வயதில் மறைந்தார். விருதுக்காகச் சொல்லவில்லை. பசியையும் பயத்தையும் சாவையும் சர்க்கரை தடவாமல் பிள்ளைகளுக்குச் சொன்னவர் அவர்.

அவருடைய 'ஹேட்செட்' நாவலில், சின்ன விமானத்தை ஓட்டுபவர் மாரடைப்பில் இறந்துபோக, கனடா காட்டு ஏரியில் விழுந்து தப்புகிறான் பிரையன். வயது 13. அம்மா கொடுத்த கைக்கோடாலிதான் அவனிடம் இருக்கும் ஒரே கருவி. 54 நாள் தனியாக இருக்கிறான்.

நெருப்பு மூட்டும் பகுதியை அல்சூரில் அக்கா வீட்டில் அவள் பையனோடு சேர்ந்து வாசித்தேன். இருட்டில் முள்ளம்பன்றி வந்துவிட, பயந்து கோடாலியை வீசுகிறான். அது பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. அதில் நெருப்பு இருக்கிறது என்று அவனுக்கு அப்புறம்தான் உறைக்கிறது. காய்ந்த புல்லை வைக்கிறான், பிடிக்கவில்லை. இருபது டாலர் நோட்டைக் கிழித்துப் போடுகிறான், அதுவும் இல்லை. பிர்ச் மரப்பட்டையை மெல்லிய நாராக உரித்துச் சேர்த்து, பொறி விழுந்ததும் வாயால் ஊதிய பிறகே பற்றுகிறது. நாயகன் என்பதற்காக எதுவும் அவனுக்குச் சும்மா கிடைப்பதில்லை.

பசி தாங்காமல் பிரையன் ஆமை முட்டையைப் பச்சையாகக் குடிக்கும் இடம் வந்ததும், "மாமா, எழுதினவர் நிஜமாவே குடிச்சுப் பார்த்தாரா?" என்று கேட்டான் பையன். பார்த்தார். அவரால் விழுங்க முடியவில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1983-ல் அலாஸ்காவின் இடிடராட் பந்தயத்தில் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை, 1,500 கிலோமீட்டருக்கு மேல், பனியில் நாய்வண்டி ஓட்டியவர். அனுபவப்பட்டு எழுதினவர் எழுத்துக்குத் தனி மணம் உண்டு.

இந்த மனிதரை உண்டாக்கியது ஒரு நூலகம். பெற்றோர் இருவரும் குடிக்கு அடிமை. மினசோட்டாவில் சாராயக் கடைகளில் பேப்பர் விற்ற பையன், குளிருக்கு ஒதுங்க நூலகத்துக்குள் போனான். அங்கிருந்த நூலகர் அவன் பெயரில் ஒரு அட்டை போட்டு, புத்தகமும் கொடுத்தனுப்பினார். பெங்களூரில் நம் பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். பன்னேர்கட்டா காடு நகரத்தை ஒட்டியே இருந்தும், சஃபாரி வண்டியின் கம்பிவலை வழியாகத்தானே அதைப் பார்க்கிறார்கள்.

"செத்துப்போன விமானி, அப்பா அம்மா விவாகரத்து, இதெல்லாம் சின்னப் பசங்களுக்கு எதுக்குங்க?" என்று எங்கள் அடுக்ககத்தில் ஒரு அம்மா வருத்தப்பட்டார். அவர் அக்கறை புரிகிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. அம்மாவைப் பற்றிய ஒரு ரகசியம் பிரையன் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. மீட்கப்பட்டு வீடு திரும்பிய பிறகும் அதை அவன் அப்பாவிடம் சொல்வதே இல்லை. பால்சனும் அவனைச் சொல்லவைக்கவில்லை. அந்தப் பக்கத்தை அக்கா பையன் திரும்பவும் படித்தான், ஏன் சொல்லலை என்று மட்டும் கேட்கவே இல்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாம் ஒதுக்கி வைப்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

தமிழில் இந்த வயதுக்கு இப்படி எழுதுகிறவர் யாராவது உண்டென்றால் பெயர் சொல்லுங்கள், அடுத்து அவனோடு உட்கார்ந்து அதைத்தான் படிக்கப் போகிறேன்.