தெருவைப் பூட்ட நீங்கள் யார்?

நலச்சங்கம் தெருவில் கேட் போட்டுப் பூட்டிய விஷயம்தான். குரூப்பில் எல்லோரும் பேசி ஓய்ந்துவிட்டீர்கள், எனக்கு ஆறவில்லை. தெரு பொதுச்சொத்து. அதைப் பூட்ட எந்த நலச்சங்கத்துக்கும் உரிமை கிடையாது.

"எங்க லேஅவுட், எங்க காசு" என்கிறார்கள் சங்கத்துக்காரர்கள். காசு கொடுத்தது மனைக்கு. சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தால்தான் மனைப்பிரிவுக்கு அங்கீகாரமே கிடைக்கும். தானமாகப் போன தெருவுக்கு நீங்கள் எப்படிப் பூட்டு வாங்குகிறீர்கள்?

நான் வளர்ந்தது சென்னை தி.நகரில். 1920களில் திட்டம் போட்டு உருவாக்கிய பகுதி. பனகல் பூங்காவிலிருந்து பாண்டி பஜார் பக்கம் நெரிசலா, ஜி.என்.செட்டி சாலையில் போகலாம், இல்லையென்றால் வெங்கட்நாராயணா சாலை. நாம் இருக்கும் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மாற்று வழி என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு புரோமோட்டரும் கிடைத்த வயலை வாங்கி, மெயின் ரோட்டுப் பக்கம் ஒரு வாசல் வைத்து, மற்ற பக்கமெல்லாம் சுவர் எழுப்பிவிட்டார். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. எல்லை விரிந்ததே தவிர தெருக்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. பால் வாங்கப் போகிறவரும் கம்பெனி பஸ்ஸும் ஒரே சாலையில் நிற்கிறார்கள். அப்புறம் டிராஃபிக் என்று புலம்பி என்ன பயன்? மழைக்கு அந்த ஒரு சாலை மூழ்கினால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்?

எங்களுக்கு இருந்த ஒரே குறுக்கு வழி அந்தத் தெரு. முழங்கால் வலியோடு அம்மா மெதுவாக நடந்தே கோயிலுக்குப் போய்விடுவார். இப்போது ஆட்டோ. ஆட்டோவும் மெயின் ரோட்டில் போய் யூ-டர்ன் எடுத்துத்தான் வர வேண்டும். "விடுடா, வீட்டிலேயே கும்பிட்டுக்கறேன்" என்கிறார். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

வண்டிகள் வேகமாக வருகின்றனவா? வேகத்தடை போடுங்கள். திருட்டு பயமா? கேமரா வையுங்கள். சரி, உங்கள் பயம் நிஜம் என்றே வைத்துக்கொள்கிறேன். நடந்து போகிறவர்களை ஏன் தடுக்கிறீர்கள்?

அந்த வழியில் அதிகம் நடந்தவர்கள் செம்மஞ்சேரி குடியிருப்பிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள். நகரத்துக்குள்ளிருந்து அரசு கொண்டுவந்து இங்கே குடிவைத்த குடும்பங்கள். உங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குவதும் அவர்கள்தான். சங்கக் கூட்டத்தில் "கண்டவங்களும் வர்றாங்க" என்று ஒருவர் சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. திருட்டு, பாதுகாப்பு எல்லாம் அதற்குப் பிறகு தேடிப்பிடித்த காரணங்கள். மாநகராட்சியில் புகார் கொடுத்திருக்கிறேன். என்னை குரூப்பிலிருந்து நீக்குவதென்றால் நீக்கிக்கொள்ளுங்கள், புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்.