கடலில் கியர் இறக்க முடியாது, புரொப்பெல்லரைத்தான் மாற்ற முடியும்

மாங்காய் சீசனில் நம்ம ஊர் ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரா மாங்காயை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற டிராக்டர், பர்கூர் பக்கம் ஒரு மேடு வந்ததும் டிரைவர் தானாகவே கியரை இறக்குவார். வண்டி திணறுகிறதே, போய்ப் பெரிய டிராக்டர் வாங்கு என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. கடலில் மட்டும் அதைத்தான் சொல்கிறார்கள், அதை நம்பி வட்டிக்குக் கடன் வாங்கி இன்ஜின் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் வேலை செய்த காலத்தில் என்னோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவன் கன்னியாகுமரி கடற்கரையில் இருக்கிற முட்டத்துக்காரன். கம்பெனி வேலை ஒத்துவராமல் ஊருக்கே திரும்பி, இப்போது அண்ணனோடு சேர்ந்து ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறான். பின்னால் ரெண்டு அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற இன்ஜின்), ஒவ்வொன்றும் 40 குதிரைத்திறன். ஒருநாள் ராத்திரி போன் பண்ணி, "மக்கா, ரெண்டு இன்ஜினும் புதுசுதான், ஆனா ஐஸும் வலையும் ஏத்திட்டா படகு நகரவே மாட்டேங்குது, கடையில கேட்டா 60 போடுங்கிறான்" என்றான். குரலில் அவ்வளவு சோர்வு. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முழு த்ராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கினால், ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) எவ்வளவு? அவனுக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை. விற்ற கடைக்காரரும் பார்த்ததில்லை.

இது தெரியாமல் புரொப்பெல்லர் (இன்ஜினின் அடியில் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி) பற்றிப் பேசவே கூடாது என்பது என் கட்சி. அவன் இன்ஜினோடு வந்த புத்தகத்தில் முழு த்ராட்டிலில் 4500-லிருந்து 5500 வரை சுற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. பிளக் வயரில் நாலு சுற்றுச் சுற்றினால் ஆர்.பி.எம். காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று கிடைக்கிறது, அதை வாங்கி அனுப்பினேன். (இன்ஜினுக்கு ஏற்ற செட்டிங் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியையோ இரண்டு மடங்கையோ காட்டி ஏமாற்றிவிடும்.) காலிப் படகில் பார்க்காதே, ஐஸ், வலை, எண்ணெய் கேன், ஆள் எல்லாம் ஏறிய பிறகு பார் என்றேன். மறுநாள் சொன்னான்: 4200. ஜி.பி.எஸ்ஸில் வேகம் 12 நாட், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். இன்ஜின் தன்னுடைய முழு பலத்துக்குப் போகவே இல்லை, மூச்சு முட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் கார்பன் படியும், சூடேறும், கடைசியில் பிஸ்டன் போகும். அப்போதும் பழி இன்ஜின் மேல்தான் விழும்.

அவன் போட்டிருந்தது 13 பிட்ச். பிட்ச் என்றால், வழுக்காமல் போனால் ஒரு முழுச் சுற்றுக்குப் புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னே போகும் என்கிற கணக்கு. அவுட்போர்டில் முன், நியூட்ரல், பின் அவ்வளவுதான். முன்னே போக ஒரே கியர். ஆகவே பிட்ச்தான் உங்கள் கியர், அதைக் கரையிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். 13 என்பது லேசான படகை வேகமாக ஓட்ட ஏற்றது. மாங்காய் லோடோடு டாப் கியரில் மேடு ஏறுகிற கதைதான் அவனுடையது.

கணக்கு போட்டுக் காட்டினேன். கியர் விகிதம் 2, அதாவது இன்ஜின் ரெண்டு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று, அதனால் 4200-இல் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2100 சுற்று. 13 அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர் போக வேண்டும். போனதோ 22. கிட்டத்தட்ட பாதி வழுக்கலிலேயே போய்விட்டது. எண்ணெய்க்குக் கொடுத்த காசை அப்படியே நுரையாக்கிக் கடலில் விட்டிருக்கிறார்கள்.

பொதுவாக ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் 150-லிருந்து 200 ஆர்.பி.எம். வரை ஏறும். முதலில் இரவலாக ஒரு ஜோடி 11 வாங்கிப் போட்டான், 4600-ஐத் தொட்டது. அப்புறம் 10. லோடோடு 4800, காலிப் படகில் 5300, ரெண்டுமே புத்தகத்தில் சொன்ன எல்லைக்குள். வேகம் 14 நாட். பிட்சைக் குறைத்தால் வேகம் எப்படிக் கூடும் என்று அண்ணன் நம்பவே இல்லை, ஜி.பி.எஸ்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்தாராம். இன்ஜின் அதே இன்ஜின்தான். கடனும் இல்லை.

ஒன்றை எச்சரிக்கிறேன். பக்கத்துப் படகுக்காரன் 10 போட்டிருக்கிறான் என்று நீங்களும் 10 போடாதீர்கள். பிட்ச் அளவுக்கு மீறிக் குறைந்தால் இன்ஜின் எல்லையைத் தாண்டிச் சுற்றும், அதுவும் கெடுதல்தான். உங்கள் படகு, உங்கள் லோடு, உங்கள் மீட்டர்.

ரெட்டை இன்ஜினுக்கென்று தனியாக ஒரு விஷயம் இருக்கிறது, அதை என் பட்டறையிலேயே கண்ணால் பார்த்தேன். படகு எப்போதும் ஒரு பக்கம் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். 40 குதிரைத்திறனில் எதிர்ச்சுற்று மாடல் பெரும்பாலும் கிடைக்காது, பெரிய இன்ஜின்களில்தான் அந்த வசதி. ரெண்டும் ஒரே திசையில் சுற்றுவதால் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். புரொப்பெல்லருக்கு மேலே துடுப்பு மாதிரி இருக்கும் சின்ன ட்ரிம் டேபைத் திருப்பி வைத்து அதைச் சரிக்கட்டலாம். ஆனால் இவன் சொன்ன இழுப்பு அதைவிட அதிகம். சரி, பழைய ரெண்டு 13-ஐயும் அனுப்பு என்றேன். நாகர்கோவிலிலிருந்து பெங்களூரு போகிற ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டான், விடிகாலையில் டோல்கேட்டில் நின்று இறக்கிக்கொண்டேன். ரெண்டிலும் ஒரே எண்தான் பொறித்திருந்தது. சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளப் பலகை) கவிழ்த்து வைத்து, உயரம் அளக்கிற ஹைட் கேஜை ஒவ்வொரு இறக்கையின் பின் விளிம்பிலும் ஒரே இடத்தில் தொட்டுப் பார்த்தேன். ஒன்றில் மூன்று இறக்கையும் ஒன்றுபோல இருந்தன. இன்னொன்றில் ஒரு இறக்கை மட்டும் 4 மில்லிமீட்டர் விலகல். மணல் திட்டில் இடித்து வளைந்ததை யாரோ சுத்தியலால் தட்டி, வெல்டு வைத்து, பளபளவென்று தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். விரலால் தடவினால் வெல்டு விழுந்த மேடு தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. எண் 13 என்று சொல்கிறது, அந்த இறக்கை 13 இல்லை. இப்படி ஒன்றைப் போட்டால் அதிர்வு ஒரு பக்கம், ரெண்டு இன்ஜினும் ஆளுக்கொரு வேகத்தில் தள்ளுவது இன்னொரு பக்கம். ரெட்டை இன்ஜின் என்றால் ரெண்டு புரொப்பெல்லரும் அளவிலும் நிலையிலும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். அடிபட்டால் ரெண்டையும் கழற்றி அளந்து பாருங்கள். என்னிடம்தான் வரவேண்டும் என்று சொல்லவில்லை, ஹைட் கேஜ் இருக்கிற எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம்.

ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா, நாலு இறக்கை வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் விறைப்பாக நிற்கும், வேகம் தரும், விலையும் அதிகம். இடித்தால் அலுமினியம் வளைந்து அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், ஸ்டெயின்லெஸ் அவ்வளவு லேசில் வளையாது, அடி கியர் பக்கம் போகலாம். மணலும் பாறையும் உள்ள கரைக்கு நான் அலுமினியம்தான் சொல்வேன். நாலு இறக்கை லோடுக்கு நல்ல பிடிப்பு, ஆனால் ஆர்.பி.எம். கொஞ்சம் குறையும், அதற்குத் தக்கபடி பிட்சில் ஒன்று குறைக்க வேண்டும்.

நான் பிட்ச் குறைவான பக்கமே சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடுக்கடலில் ஒரு இன்ஜின் நின்றுபோனால் மொத்த பாரமும் மற்றதன் தலையில். 13 பிட்சோடு ஒற்றை இன்ஜினில் வருவது அந்த இன்ஜினையும் சாகடிக்கிற வேலை. 10 இருந்தால் ஓரளவு தாங்கும். அப்போதும் முழு த்ராட்டில் முறுக்காதீர்கள், நின்றுபோன இன்ஜினைத் தண்ணீரை விட்டுத் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் அதன் புரொப்பெல்லரே பிரேக் மாதிரி இழுக்கும். 2017 நவம்பரில் ஒக்கி புயலைப் பார்த்த ஊர் அது, ரெண்டாவது இன்ஜின் எதற்கு என்று அங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ரெண்டாவது இன்ஜின் தனியாக இழுத்துக்கொண்டு வருமா என்பதை மட்டும் ஒரு நல்ல நாளில், கரைக்குப் பக்கத்தில், லோடோடு ஓட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். போன வாரம் பார்த்திருக்கிறார்கள். ஒற்றை இன்ஜினில் பாதி த்ராட்டிலுக்குக் கொஞ்சம் மேலே, 6 நாட் வந்ததாம்.

இன்று விடிகாலை இன்னும் நாலு புரொப்பெல்லர் பஸ்ஸில் வந்திருக்கின்றன, அவன் அண்ணனின் கூட்டாளிகளுடையது. ஒன்றில் எண்ணே தேய்ந்துபோய்விட்டது. மதியம் கரண்ட் வந்ததும் அதைத்தான் முதலில் அளக்கப் போகிறேன்.