வீட்டு மொழியை நிறுத்தச் சொல்வது தவறு

"பள்ளி மொழியில் சரளமாகப் பேசுகிறான், பாடத்தில் மட்டும் பின்தங்குகிறான், வீட்டு மொழிதான் காரணம், நிறுத்திவிடுங்கள்" என்று, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் பேசும் பிள்ளையின் பெற்றோரிடம் சிலர் சொல்வது தவறு, பிள்ளைக்குக் கெடுதலும்கூட.

விளையாட்டுப் பேச்சு வேறு, பாடநூல் மொழி வேறு. கனடாவில் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டியது இதுதான்: புதிய மொழியில் பேச்சு சுமார் 2 ஆண்டில் வந்துவிடும், பாட மொழியில் சக மாணவர்களை எட்ட 5 முதல் 7 ஆண்டு பிடிக்கும். "பந்தைக் கொடு" என்றால் சூழலே பாதியைச் சொல்லிவிடும். "வெப்பநிலை உயர்ந்தால் ஆவியாதல் ஏன் அதிகரிக்கிறது?" என்பதில் எல்லாமே சொற்களில்தான் இருக்கிறது. ஆவியாதலை வீட்டு மொழியில் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் பள்ளியில் புதிய சொல் மட்டும் போதும், கருத்தை மறுபடி கற்க வேண்டியதில்லை.

சொல்வளத்தை ஒரே மொழியில் சோதித்துக் "குறைவு" என்பதும் பிழை. இரண்டு மொழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெற்றோர் தமக்குச் சரியாக வராத மொழிக்கு மாறினால், பேச்சு "சாப்பிடு, படி, தூங்கு" என்று சுருங்கிவிடும். ஏன், எப்படி என்ற உரையாடலே போய்விடும். உண்மையான இழப்பு அதுதான். வீட்டு மொழியில் கதை வாசித்து, "அவன் ஏன் அப்படிச் செய்தான்?" என்று கேளுங்கள்.

இரண்டு மொழியிலுமே பேச்சு தாமதமானால் மட்டும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்; அது இருமொழியால் வருவதல்ல.