விதைநெல்லைத் தின்னாதவர்கள்

நேற்று ராத்திரி 11 மணிக்கு அக்கா மகன் போன் பண்ணினான். ஊரை விட்டுப் போய் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறான். "மாமா, சாப்பிடுறதுக்கு வேலை பாக்கேன், வேலை பாக்கதுக்குச் சாப்பிடுதேன். உசுரோட கெடக்கதைத் தவிர மனுசனுக்கு வேற என்னதான் இருக்கு? ஆடு மாடும் இதத்தான செய்யுது?" என்றான். பதில் சொல்லுமுன் இடைவேளை முடிந்து வைத்துவிட்டான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

உயிர்வாழ்வது மட்டும்தான் மனிதனுக்கு விதித்தது என்றால், "இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்ற கேள்வி நம் வாயில் வந்தே இருக்காது. வயிறு நிறைந்தவனும் கேட்கிறான், காய்ந்தவனும் கேட்கிறான். பிழைப்பை அளந்து பார்க்க அதற்கு வெளியே ஏதோ ஒரு படியை நாம் கையில் வைத்திருக்கிறோம்.

அது என்ன படி என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம்தான் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போரில், 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை அந்த நகரத்தைச் சுற்றி வளைத்தது. முற்றுகை முழுதாக விலக 1944 ஜனவரி ஆயிற்று. 872 நாள். முதல் குளிர்காலத்தில், நவம்பர் 20 முதல் ஒரு மாதத்துக்கும் மேலாக, தொழிலாளி அல்லாத ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது 125 கிராம் ரொட்டி. அதிலும் பாதி மாவே இல்லை. லட்சக்கணக்கில் செத்தார்கள்.

அந்த நகரத்தின் நடுவில், புனித ஐசக் சதுக்கத்தில், ஒரு கட்டடம் நிறையத் தானியம் இருந்தது. கோதுமை, நெல், ஓட்ஸ், பயறு, நிலக்கடலை, நிலவறையில் உருளைக்கிழங்கு. நிக்கோலாய் வவிலோவ் என்ற தாவரவியலாளரும் அவருடைய ஆட்களும் உலகமெங்கும் அலைந்து சேர்த்த விதைகள். எங்கேயாவது பயிர் அழிந்தால் மறுபடி எழுப்ப ஒரு கையிருப்பு வேண்டும் என்று சேர்த்தவை. அந்தக் கட்டடத்துக்குள் வேலை பார்த்தவர்கள் அந்தத் தானியத்தின் மத்தியிலேயே பட்டினியால் செத்தார்கள். நெல் ரகங்களைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் இறந்தபோது, அவர் பொறுப்பில் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்கள் குறையாமல் இருந்தன. நிலக்கடலையைக் காத்த அலெக்சாந்தர் ஷுகின் எழுதும் மேசையிலேயே சாய்ந்தார். ஓட்ஸைக் காத்த லிலியா ரோதினாவும் போனார். எலி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம், கிழங்கு உறைந்துவிடாமல் இருக்க நிலவறையில் எரிக்க விறகு தேடி அலைவது ஒரு பக்கம்.

பிழைத்தவர்களில் ஒருவர் வதீம் லெக்னோவிச், கிழங்குகளைக் காத்தவர். பின்னாளில் அவர் சொன்னதன் சாரம் இது: காலையில் எழுந்திருப்பது கஷ்டமாக இருந்தது, கையைக் காலை அசைப்பது கஷ்டமாக இருந்தது, ஆனால் சேகரிப்பைத் தின்னாமல் இருப்பது கொஞ்சமும் கஷ்டமாக இல்லை.

இதைப் படித்த நாளில் நான் அதற்குமுன் நம்பிக்கொண்டிருந்த ஒன்று உடைந்தது. முதலில் வயிறு, வயிறு நிறைந்தபிறகுதான் நோக்கம், கொள்கை எல்லாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இவர்களுக்கு வயிறு நிறையவே இல்லை. எழுந்திருக்க முடியாத உடம்பை எழுப்பி நிற்க வைத்ததே அந்த வேலைதான்.

தேனீயும்தான் தன் கூட்டுக்காகக் கொட்டிவிட்டுச் சாகிறது, எல்லாம் இயற்கையின் ஏற்பாடு என்பார்கள். இருக்கட்டும். அந்தக் குணம் நமக்கு எப்படி வந்தது என்பதற்கு அது விடை. இவானோவ் காத்த நெல் அவருடைய ரத்த உறவுக்கு அல்ல. முகம் தெரியாத, இன்னும் பிறக்காத யாருக்கோ, எந்த மண்ணிலோ. அதைத் தின்னக் கூடாது என்று அவர் தினமும் தானே முடிவு செய்தார். வானத்திலிருந்து யாரும் நோக்கத்தை எழுதி அனுப்பியதாக நான் சொல்லவில்லை. மனிதன் அதை உண்டாக்கிக்கொள்கிறான். உண்டாக்கியது என்பதால் அது பொய்யாகிவிடாது.

நோக்கம் இருந்தால் நல்லது நடக்கும் என்றும் சொல்ல மாட்டேன். வவிலோவை அவருடைய அரசே 1940இல் கைது செய்துவிட்டது. உலகத்தின் பசிக்கு விதை சேர்த்த மனிதர் 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் பட்டினியால் வாடிச் செத்தார். எழுதும்போதே கை கூசுகிறது.

இன்னொரு கேள்வி என்னை விடுவதில்லை. சுவருக்கு வெளியே குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோது அந்தத் தானியத்தைக் கொடுத்திருக்கக் கூடாதா? அத்தனை பெரிய நகரத்துக்கு அது ஒரு நாளைக்குக்கூடக் கண்டிருக்காது என்பது கணக்கு. ஆனால் ஒரு குழந்தை கதவைத் தட்டியிருந்தால்? நம் இளையான்குடி மாற நாயனார் நேர் எதிராகச் செய்தவர். நடுராத்திரி, கொட்டுகிற மழையில், பகலில் வயலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வந்து, வந்த விருந்தாளிக்குச் சோறாக்கச் சொன்னார். ஒருவர் விதையைத் தின்னவில்லை, ஒருவர் விதைத்ததையே எடுத்துவந்தார். இரண்டு பேரும் தன் வயிற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. யார் செய்தது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மருமகனே, உனக்கு ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் பெட்டி தூக்குகிறவனிடம் போய் "நோக்கத்தைத் தேடு" என்று சொல்வது அநியாயம். நினைக்கக்கூட நேரம் விடாமல் உன்னைக் கசக்குகிற வேலைதான் குற்றவாளி, நீ இல்லை. உனக்கு வருகிற அந்தச் சலிப்பை மட்டும் நோய் என்று நினைத்துவிடாதே. ஆடு மாடு அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

உன் பூட்டி கதை உனக்குத் தெரியாது. மழை பொய்த்த ஒரு வருஷம் வீட்டில் கூழுக்கும் வழியில்லை. வைக்கோல் பிரி சுற்றிச் சாணி மெழுகிய விதைக்கோட்டை மட்டும் மூலையில் இருந்தது. பிள்ளைகள் அழுதும் ஆச்சி அதைத் தொடவிடவில்லை. அடுத்த வீட்டுப் பெண் ஏழு மாத வயிற்றோடு வாசலில் வந்து நின்ற அன்று தானே பிரித்து நாலு நாழி அளந்து போட்டாளாம். தாத்தா சத்தம் போட்டதற்கு, "நாம கெடந்து எந்திரிச்சிருவோம். அவ ரெண்டு உசுரு சுமக்கா" என்றாளாம்.

அந்த வருஷம் நாற்றுப் பத்தாமல் வயலில் வடக்கு மூலை தரிசாகவே கிடந்தது என்று அம்மா சொல்வாள்.