பின்சீட்டில் ஏறிய அக்கா

தன்னம்பிக்கை உள்ளிருந்துதான் வர வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கணித மேதை ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரித் தேர்வில் தேறாமல், 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். அடுத்த வருடம் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலதிகாரி நாராயண ஐயர் இரவு வெகுநேரம் ஸ்லேட்டும் கையுமாக அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டதை அதிகம் பேர் பேசுவதில்லை. இரண்டு வரிக்கு நடுவில் பத்து வரியாவது எழுதினால்தான் மற்றவர்களுக்குப் புரியும் என்று ஐயர்தான் விடாமல் சொன்னாராம். சும்மா முதுகில் தட்டிவிட்டுப் போகவில்லை பாருங்கள்!

என் கதை சின்னது. நாற்பது வயதில் ஸ்கூட்டர் பழகினேன். இரண்டு தடவை விழுந்ததும் சரி, நமக்கு இது ஒத்துவராது என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "மார்க்கெட் வரைக்கும் கொண்டு விடும்மா, ஆட்டோ ஒண்ணும் கிடைக்கல" என்று காய்கறிக் கூடையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் வெண்டைக்காய் விலையைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் தெருமுனையிலேயே ஆட்டோ ஸ்டாண்ட் இருப்பது திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது.